குளிசைக் கொப்பி

மே 3

அக்காவின் பதகளிப்புக்கு (ஓயாத பயமும் படபடப்பும்) எழுதின மருந்து: செர்ட்ரலின் 50 மில்லிகிராம், நடுவில் கோடு போட்ட குளிசை. முதல் கிழமை பாதிதான், 25. காலை 7 மணி, இரண்டு இடியப்பமாவது வயிற்றுக்குள் போன பிறகு. வெறும் வயிற்றில் போட்டால் ஓங்காளம் கூடும். இரவில் போட்டால் சிலருக்கு நித்திரை குழம்பும். சாமம் இரண்டு மணிக்கு எழும்பிக் குந்தியிருக்கிற ஆளுக்கு அது வேண்டாம்.

கொப்பியில் நிரல் கீறியாச்சு: நேரம், நாடித் துடிப்பு, உடம்பில் எங்கே தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு முதல் என்ன சாப்பிட்டது.

ஈசிஜி சரி. தைரொயிட் சரி. ஹீமோகுளோபின் 9.8, அது சரியில்லை. இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். எல்லாவற்றையும் பதகளிப்பின் தலையில் கட்டக் கூடாது.

மே 4

பத்து மணிக்கு ஓங்காளம். சத்தி இல்லை. இஞ்சி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தா.

அலுமாரியில் இருந்த மெஃபெனமிக் (நோவுக் குளிசை) அட்டையை எடுத்து மேல் தட்டில் வைத்தாச்சு.

மே 6

அக்கா எல்லாத்துக்கும் ஒரே சொல்தான் சொல்லுறா: "நெஞ்சு அடிக்குது." கொப்பியைப் பார்த்தால் மூன்று விதமாக அடிக்கிறது.

சாமத்தில் வருவது நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறுகிற சூடு. இரண்டு மூன்று நிமிடம் நிற்கும், துடிப்பும் சேர்ந்து ஏறும், பிறகு வியர்வை, அதற்குப் பிறகு குளிர். மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில் ஈஸ்ட்ரஜன் ஒருநாள் ஏறும், ஒருநாள் விழும். உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதி அப்போது சின்ன மாற்றத்துக்கும் பெரிதாகத் துள்ளும். பயம் அங்கே பின்னால்தான் வருகிறது, எழும்பி இருட்டைப் பார்த்த பிறகு.

பின்னேரம் வருவதில் சூடு இல்லை. முதலில் ஒரு நினைப்பு: மகன் மோட்டர்சைக்கிளில் ஏ9 வீதியில் வந்துகொண்டிருக்கிறான். பிறகு தொண்டை இறுகும், விரல் நுனி விறைக்கும், மூச்சு மேலால் ஓடும். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். இது பதகளிப்பு. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, அதனால்தான் விரல் விறைக்கிறது. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட, அந்த விறைப்புப் போகிறது. விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும். பெரிதாக இழுக்கச் சொன்னால் இன்னும் மோசமாகும்.

மூன்றாவது இந்தக் குளிசையோடு வந்தது. மத்தியானத்தை ஒட்டி இருக்க ஏலாமல் எழும்பி நடக்கிறா, கை மெல்ல நடுங்குது, பல்லைக் கடிக்கிறா. செர்ட்ரலின் விழுங்கி நாலரை மணித்தியாலத்துக்கும் எட்டரைக்கும் இடையில்தான் இரத்தத்தில் உச்ச அளவுக்கு வரும். காலை 7 இலிருந்து எண்ணினால் பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில். கொப்பியிலும் அதே நேரம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கிழமைக்குள் தணியும். தணியாமல் கூடினால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

மே 7

முன்வீட்டு மாமி ப்ரோப்ரனோலோல் அட்டை ஒன்றோடு வந்தா. "இதைப் போடு பிள்ளை, நெஞ்சு அடங்கும்." அவவுக்கு அடங்கியிருக்கும். அக்காவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கு. ப்ரோப்ரனோலோல் மூச்சுக்குழாயை இறுக்கும், தொய்வுக்காரருக்கு அது ஆகவே ஆகாது. "மாமி, இது இவவுக்குச் சரிவராது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாச்சு. மாமி முகம் வாடினா. வாடட்டும்.

மே 9

சோளகம் தொடங்கிவிட்டது, ஆனால் இரவில் ஒரு இலை அசையவில்லை. நுளம்பு வலைக்குள் காற்றே இல்லை. வலையைக் கழற்ற ஏலாது. கட்டிலை யன்னல் பக்கம் திருப்பி, காற்றாடியைத் தரையில் வைத்துக் காலிலிருந்து மேலே அடிக்க விட்டாச்சு. தலைமாட்டில் ஒரு சட்டித் தண்ணியும் துவாயும். சூடு ஏறத் தொடங்கின உடனேயே பிடரியில் ஈரத் துவாய், அரை நிமிடம் பிந்தினாலும் பிரயோசனம் குறைவு. நைலோன் சட்டைகள் பெட்டிக்குள். இரவுச் சாப்பாட்டில் உறைப்புக் குறைத்தாச்சு. மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. இதற்குத்தான் அக்கா கோபித்தா.

மே 10

இன்றிலிருந்து முழுக் குளிசை.

மே 11

மகள் கேட்கிறாள், "சித்தி, அம்மா திரும்பவும் கூடப் பதகளிக்கிறா, நிப்பாட்டுவமா?" வேண்டாம். அளவு கூட்டின முதல் நாட்களில் இப்படி வரும். பலன் வருவதற்கு இரண்டிலிருந்து ஆறு கிழமை. பக்கவிளைவு முதல் நாளே வரும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் குளிசையை எறிகிறார்கள். மருந்து கொடுக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், பாதி அட்டையோடு திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் இந்த நாட்களில் விட்டவர்கள்.

அக்காவிடம் நேரடியாகக் கேட்டாச்சு: "அக்கா, உயிரை மாய்க்கலாம் எண்ட நினைப்பு ஏதும் வருதா?" சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்துத்தான் பதில் வரும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இல்லை என்றா, என் கண்ணைப் பார்த்துச் சொன்னா. 1926 மனநல உதவி இலக்கம், 1990 அம்புலன்ஸ். இரண்டையும் கொப்பியின் மட்டையில் பெரிதாக எழுதியிருக்கு.

மே 13

மெஃபெனமிக் அட்டையில் இரண்டு குறைகிறது.

தலையிடிக்காம். செர்ட்ரலின் இரத்தச் சிறுதட்டுக்கள் ஒட்டுகிற தன்மையைக் குறைக்கும். மெஃபெனமிக், இபுபுரூபன், டைக்குளோபெனாக் எல்லாம் இரைப்பைச் சுவரை அரிக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிற ஆபத்துக் கூடும், தொய்வுக்காரர் சிலருக்கு மூச்சும் இழுக்கும். ஏற்கெனவே 9.8 இல் நிற்கிற ஆள். தலையிடிக்குப் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. இருமல் வந்தால் டெக்ஸ்ட்ரோமெத்தோபன் உள்ள பாணியும் வேண்டாம், நோவுக்குத் தருகிற ட்ரமடோல் வேண்டவே வேண்டாம். அவை செர்ட்ரலினோடு சேர்ந்து செரட்டோனின் என்ற இரசாயனத்தைக் கூட்டி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரை கொண்டுபோகலாம்.

அட்டை இப்போது என் கைப்பையில்.

மே 16

தலையிடி போகவில்லை. உப்பு எங்கே வைத்தது என்று அடுக்களையில் நின்று மூன்றுமுறை கேட்டா. கை உப்புப் போத்தலில்.

இது பதகளிப்பு இல்லை. நித்திரைக் குறைவும் இல்லை. பிரஷருக்கு அவ போடுவது ஹைட்ரோகுளோரோதயசைட், அது உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றும். செர்ட்ரலின் உடம்பில் தண்ணியைத் தேக்கி வைக்கச் செய்யலாம். இந்த வெயிலில் நாள் முழுக்க வெறும் தண்ணி வேறு. மூன்றும் ஒரே பக்கம் இழுத்தால் இரத்தத்தில் சோடியம் விழும். சரியான அளவு 135 முதல் 145. தலையிடி, ஓங்காளம், தடுமாற்றம், கூடினால் வலிப்பு. உப்பை அள்ளிக் கொடுத்துத் திருத்துகிற விசயம் இல்லை. நாளைக்கே இரத்தம் எடுக்க வேண்டும்.

மே 17

எடுத்தாச்சு.

மே 18

சிரட்டையில் கஞ்சி. குளிசை அதோடு. இன்றைக்கு நாடி பார்க்கவில்லை.

மே 19

சோடியம் 131.

டொக்டர் ஹைட்ரோகுளோரோதயசைட்டை நிறுத்தி லொசார்டன் 50 எழுதினார். செர்ட்ரலின் அப்படியே 50, கூட்டுவதில்லை. ஒரு கிழமையில் திரும்ப இரத்தம். தண்ணி எவ்வளவு குடிக்கலாம் என்றும் அளவு சொன்னார். இன்னொரு பிரஷர் மருந்தான அம்லோடிபின் ஏன் இல்லை என்று கேட்கவில்லை, ஆனால் நல்லது: அது முகத்தில் சூடு ஏறச் செய்யும், பிறகு எந்தச் சூடு எதனால் என்று பிரித்துப் பார்க்க ஏலாது.

கிளினிக் கொப்பியில் எல்லா மருந்தும் ஒரே பக்கத்தில் இருந்ததால்தான் அவர் ஒரு நிமிடத்தில் பிடித்தார். பிரஷர் ஒரு இடம், மனநலம் ஒரு இடம், இரத்தப்போக்கு இன்னொரு இடம் என்று காட்டுகிறவர்கள் ஒரே கொப்பியைத்தான் எல்லா இடமும் கொண்டுபோக வேண்டும். இதைக் கத்திச் சொல்லலாம் போல இருக்கு.

மே 22

இரண்டு மாதம் வராமல் இருந்து இன்று வந்தது, கட்டி கட்டியாக. (வராமல் இருந்தபோதே சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று பார்த்தது. இந்த வயதிலும் தங்கும். ஐம்பதுக்கு முன் மாதவிலக்கு நின்றால் இரண்டு வருடம் வரை கருத்தடை வேண்டும், ஐம்பதுக்குப் பின் ஒரு வருடம்.)

போக்கைக் குறைக்க ட்ரனெக்ஸாமிக் அமிலம் 500 மில்லிகிராம் குளிசை, இரண்டிரண்டாக மூன்று வேளை. கூடுதலான போக்கு உள்ள நாட்களில் மட்டும், நாலு நாளுக்கு மேல் இல்லை. காலில் நாளத்துக்குள் இரத்தம் உறைந்த ஆட்களுக்கு இது ஆகாது, அக்காவுக்கு அப்படி இல்லை. மணித்தியாலத்துக்கு ஒரு துணி முழுக்க நனைந்து, அது இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. மல்லாவிக்கு விடுவதா கிளிநொச்சிக்கு விடுவதா என்று அந்த நேரத்தில் நின்று கதைக்கக் கூடாது. இப்பவே தீர்மானம்: கிளிநொச்சி.

மே 23

"அந்த அட்டை எங்கை?" என்று கேட்கிறா. வயிற்று நோவு. பனடோலும் சுடுதண்ணிப் போத்தலும் கொடுத்தாச்சு. அட்டை என் கைப்பையில்.

மே 25

மலம் கறுப்பு என்று மகள் பயந்து ஓடிவந்தாள். இரும்புக் குளிசைக்குக் கறுப்பாகும், கரும்பச்சை கலந்து, உருவமாக. தார் போலப் பிசுபிசுத்து, மணமே வேறாக இருந்தால் அது இரத்தம். இது முதலாவது. பார்த்து உறுதிப்படுத்தியாச்சு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம், அதில் இரும்பு 65 அளவில். ஒன்றுவிட்ட ஒரு நாள், தேசிக்காய்த் தண்ணியோடு. பிளேன்ரீக்கும் அதுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவைக்கும்.

மே 26

சோடியம் 136! தலையிடி இல்லை. உப்புப் போத்தல் பற்றிப் பேச்சில்லை. மத்தியான நடையும் இல்லை, அதைக் கவனிக்கவே மறந்துபோச்சு.

மே 28

பதகளிப்புக்கான ஏழு கேள்விப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. தொடக்கத்தில் 16, இன்று 10. 15உம் அதற்கு மேலும் கடுமை, 10 என்பது நடுத்தரத்தின் தொடக்கம். பின்னேரப் பயம் இன்னும் வருது, ஆனால் மகனுக்குப் போன் எடுக்காமல் இருந்தா.

சாமச் சூடு மட்டும் குறையவில்லை.

ஜூன் 1

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விரதம் இருக்கப் போறாவாம். "அம்மாளுக்கு நேர்ந்தது, நீ குறுக்கை நிக்காதை." குறுக்கே நிற்கவில்லை. காலைக் குளிசையை விட ஏலாது. பாலும் பழமும் எடுத்து அதோடு போடலாம். வெயிலில் நின்றால் லொசார்டனோடு தலைச்சுற்று வரும், நிழலில் இருந்து இருந்து போக வேண்டும். சம்மதித்தா.

ஜூன் 3

இது புது வியர்வை. சூடு ஏறவில்லை, குளிரவில்லை, முதுகும் தலையும் இரவு முழுக்க ஈரம். செர்ட்ரலினுக்கும் இப்படி வரும். கொப்பியில் தனி நிரல் போட்டாச்சு. இரண்டும் ஒன்று என்று டொக்டரிடம் சொன்னால் அவர் தப்பான பக்கம் மருந்து கூட்டுவார்.

மாமி வந்து மாதுளம்பழம் தந்திட்டுப் போனா.

ஜூன் 5

அட்டையில் நாலு குளிசை மிச்சம், கிளினிக் 9ஆம் திகதி. கணக்குச் சரி, ஆனால் அன்றைக்கு அங்கே இருப்பு இல்லாவிட்டால்? திடீரென்று நின்றால் தலைச்சுற்று, கறண்ட் அடித்தது போல தலைக்குள் வெட்டு, எரிச்சல். அக்கா அதைப் பழைய நோய் திரும்பிவிட்டதென்று நினைப்பா. நாளைக்கே மருந்துத் துண்டைக் கொண்டுபோய் வெளியில் பத்துக் குளிசை வாங்கி வைக்க வேண்டும். கடையில் வேறு பெயரில் வேறு நிறப் பெட்டியில் தருவார்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் செர்ட்ரலின் 50 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக் குளிசையும் கையில் கிடைத்தால் இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடக் கூடாது. தகரத்துக்குக் கீழே இருக்கிற தட்டில் வைக்கவும் கூடாது, மத்தியானம் அங்கே கை வைக்க ஏலாது. மண்சுவர் அறைப் பெட்டிக்குள்.

9ஆம் திகதி கேட்க வேண்டியது: இரவு வியர்வை. சோடியம் திரும்பப் பார்ப்பதா. ஹோமோன் மருந்து இவவுக்குச் சரிவருமா, கருப்பை இருப்பதால் ஈஸ்ட்ரஜனோடு புரோஜெஸ்டரோனும் சேர வேண்டும், பிரஷர் முதலில் அடங்க வேண்டும். இன்றைய பிரஷர் 148/92, இருந்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்தது, இடது கை. வலது கையும் எடுக்க வேண்டும்.