தலைவர் முதலில் வாய் திறந்தால்

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேரும் இறந்தார்கள். விமானம் மேலே ஏறுவதாகத்தான் கப்பலின் கணினிப் பதிவில் இருந்தது. ஆனால் கப்பலின் போர் அறைக்குள் கேட்டதோ "இறங்கி வருகிறது" என்ற குரல்!

இதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கடற்படை, நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றிய 'டாட்மஸ்' (TADMUS) ஆய்வைத் தொடங்கியது. போர் அறை மாதிரியே திரைகளை அமைத்து, நட்பா பகையா என்று தெரியாத விமானங்களை அதில் ஓடவிட்டு, நெருக்கடியில் யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று கவனித்தார்கள்.

எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது இப்படிப்பட்ட பயிற்சி முடிந்த பிறகு குழுவுக்குள் நடக்கும் பேச்சுதான். தலைவர் தன் தவறை முதலில் சொன்னால் மற்றவர்களும் தயங்காமல் பேசுகிறார்கள். அதற்காகவே தலைவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். பதவியில் இருப்பவருக்கு அது தானாக வருமா என்ன?