662-ஐத் தாண்டி எழும் உச்சம்

சீசியம்-137 மூலத்தின் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்களை ஒரு சோடியம் அயோடைடு படிகத்தை நோக்கி ஜீயன்ட்4-இல், அதாவது துகள்கள் பொருளுக்குள் செல்வதைக் கணினியில் உருவகப்படுத்தும் மென்பொருளில், அனுப்புகிறோம், நிகழ்வுக்கு ஒன்றாக. வெளியீட்டை ரூட் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளில் வரைந்தால் 662-இல் உச்சம் தெரிகிறது. 1324-இலும் ஒரு சிறிய உச்சம் தலைகாட்டுகிறது.

ஒற்றைக் காமா தன்னிடம் இல்லாத ஆற்றலைப் படிகத்தில் விட்டுச்செல்ல முடியாது. உடனே இயற்பியல் மாதிரிகளைச் சந்தேகிக்கத் தோன்றும், வேண்டாம். இரண்டு ஓட்டங்களின் கோப்புகளை ஒன்றாக இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் நிகழ்வு எண் 0-இலிருந்தே தொடங்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஆற்றலைக் கூட்டும் நிரல், இரண்டு ஓட்டங்களின் ஐந்தாம் நிகழ்வையும் ஒன்றாக்கிவிடும். ஓட்ட எண்ணுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, இரண்டையும் சேர்த்தே அடையாளமாகக் கொண்டால் பொய் உச்சம் மறையும். தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாற வேண்டும். மாறாவிட்டால் அதே நிகழ்வுகள் இரண்டு முறை எண்ணப்பட்டு, பிழைக்கோடுகள் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

நிகழ்வு எண்ணை மிதவைப் புள்ளியாக, அதாவது ஃப்ளோட்டாகச் சேமிப்பதும் இதே வகைக் கோளாறுதான். 1,67,77,216-க்கு மேல் ஃப்ளோட்டால் எல்லா முழு எண்களையும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த நிகழ்வுகள் ஒரே எண்ணைப் பெறும். சின்னச் சோதனைகளில் இது வெளியே வராது, பெரிய ஓட்டத்தில்தான் கடிக்கும். பல த்ரெட்களில், அதாவது ஒரே நேரத்தில் இணையாக, ஓட்டும்போது நிகழ்வுகள் எண் வரிசைப்படி எழுதப்படும் என்றும் நம்ப வேண்டாம்.

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாக: ஜீயன்ட்4-க்குள் மில்லிமீட்டர், நானோவினாடி, மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆகியவற்றின் மதிப்பு 1. எழுதும் இடத்திலேயே வேண்டிய அலகால் வகுத்து, பத்தியின் பெயரிலும் அந்த அலகைச் சேர்த்துவிடுங்கள்.

அதிக கவனம் தேவைப்படுவது டிடெக்டரின் பதிலைச் சேர்க்கும் கட்டம். ஜீயன்ட்4 தருவது படிப்படியான ஆற்றல் படிவு. உண்மையான கருவி தருவது ஒரு சேனலுக்கு (தனியாகப் படிக்கப்படும் ஒவ்வொரு சிக்னல் வழிக்கு) ஒரு எண். கருவியின் துல்லியமின்மையைக் காட்ட, ஒவ்வொரு படிவையும் தனித்தனியே காஸியன் (மணி வடிவ) முறையில் சிதறடித்துவிட்டுக் கூட்டுவது பரவலான தவறு. அந்தச் சிதறலில் ஆற்றலின் வர்க்கமூலத்தோடு வளரும் பகுதிக்கு அதனால் கேடில்லை. பிரித்துக் கூட்டினாலும் அதே அகலம்தான் வரும். மின்னணு இரைச்சலின் கதை வேறு: 100 படிவுகள் இருந்தால் அது 10 மடங்காகும். ஆற்றலுக்கு நேர்விகிதமாக வளரும் பகுதியோ உள்ளதைவிடச் சுருங்கிப்போகும். படிவுகளின் எண்ணிக்கை துகள் உருவாக்க வரம்பைப் பொறுத்தும் மாறும் (அந்தத் தூரம்கூடச் செல்ல முடியாத இரண்டாம் நிலைத் துகள்களை ஜீயன்ட்4 தனியாக உருவாக்காது). ஆகவே மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றினால் டிடெக்டரின் பிரிதிறனே மாறியதுபோலத் தோன்றும். முதலில் சேனல்வாரியாக, கால இடைவெளிக்குள் கூட்டுங்கள், அதன்பின் சிதறடியுங்கள், வாசல் மதிப்பை (அதற்குக் கீழுள்ளவை பதிவாகாது) கடைசியில் வையுங்கள். வாசலை ஒவ்வொரு படிவுக்கும் வைத்தால் சிறு படிவுகள் எல்லாம் சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

துகள் உருவாக்க வரம்பின் இயல்பு மதிப்பு 0.7 மி.மீ. 0.3 மி.மீ. சிலிக்கான் தகட்டுக்கு அது தகட்டைவிடத் தடிமன். மெல்லிய அடுக்குகளுக்குத் தனிப் பகுதி வகுத்து வரம்பைக் குறைப்பது அவசியம்.

டிடெக்டரின் பதிலைச் சேர்க்கும் கட்டத்தை ஜீயன்ட்4-க்குள் வைக்காமல் தனி நிரலாக வைப்பதே நல்லது. இரைச்சல் அளவு மாறியதற்காக, பல நாள் ஓடிய சிமுலேஷனைத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்காது. அதன் வெளியீடு உண்மைத் தரவின் வடிவத்திலேயே இருக்கட்டும்: சேனல் எண், துடிப்பு உயரம், நேரம். அப்போது ஒரே பகுப்பாய்வு நிரல் இரண்டையும் படிக்கும். ஒவ்வொரு துகளின் தட எண், அதைப் பிறப்பித்த துகளின் தாய்த்தட எண் போன்ற, சிமுலேஷனுக்கு மட்டுமே தெரிந்த விவரங்களைத் தனி ட்ரீயில் (ரூட் கோப்பின் அட்டவணையில்) வையுங்கள். ஒரே ட்ரீயில் இருந்தால் என்றாவது ஒரு தேர்வு நிபந்தனை அவற்றை எட்டிப் பார்த்துவிடும். சிமுலேஷனில் அருமையாக வேலை செய்த அந்தத் தேர்வுக்கு உண்மைத் தரவில் படிக்க அந்தப் பத்தியே இருக்காது.