வெறும் மணலையும் எழுதி வையுங்கள்

கடற்புல் கணக்கெடுப்புக்கு நான் முதல்முறை போனபோது நிரப்பிக் கொடுத்த தாளில் ஒன்பது கட்டங்கள் காலியாக இருந்தன. பெரும்பாலும் வெறும் மணல். புல்லே இல்லாத இடத்தில் எதை எழுதுவது என்று விட்டுவிட்டேன். மாலையில் தாள்களைச் சரிபார்த்த ஆய்வாளர் கூப்பிட்டு, “இங்கே புல் இல்லையா, இல்லை நீங்கள் பார்க்கவில்லையா?” என்று கேட்டார். அந்த ஒன்பதில் இரண்டு, தண்ணீர் ஏறிவிட்டதால் உண்மையிலேயே பார்க்காமல் விட்டவை. எந்த இரண்டு என்று எனக்கு நினைவில்லை. அதனால் ஒன்பதையும் நீக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு வலித்தது. களப்பணி பற்றி நான் கற்ற முக்கியமான பாடம் அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பூஜ்யம் வேறு, காலி இடம் வேறு. ஒரு புல்வெளி சுருங்கும்போது, போன வருடம் 20 சதவீதம் இருந்த இடத்தில் இந்த வருடம் 0 என்று வரும். அந்த 0-வை யாரும் எழுதாவிட்டால், சுருங்கியதற்கு ஆதாரமே இருக்காது. பார்த்தீர்கள், இல்லை என்றால் 0 போடுங்கள். பார்க்கவில்லை என்றால் ஒரு கோடு போட்டு, ஏன் பார்க்கவில்லை என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கடல் உயிரியல் தன்னார்வப் பணி என்றதும் பலர் மனதில் வருவது முக்குளிப்பும் டால்பினும். உண்மையில் பெரும்பகுதி வேலை முழங்கால் தண்ணீரில் குனிந்து நடப்பதுதான். நீச்சல் கூடச் சுமாராகத் தெரிந்தவர்கள் செய்யக்கூடிய நல்ல அறிவியல் அங்கே நிறைய இருக்கிறது. கடற்புல்லைக் கண்காணிக்க ஆஸ்திரேலியாவில் 1998-இல் தொடங்கிய சீகிராஸ்-வாட்ச் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் நீளத்தில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றுக்கும் 25 மீட்டர் இடைவெளி. ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை வைப்பார்கள், குவாட்ராட் என்று பெயர். ஒரு கோட்டுக்கு 11, ஒரு தளத்துக்கு 33. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் மணலா சேறா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புல் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது, எந்தெந்த இனம், இலை எவ்வளவு நீளம், பாசி எவ்வளவு என்று வரிசையாக எழுத வேண்டும்.

இதில் சதவீதம்தான் எல்லோரையும் தடுமாற வைக்கும். புதிதாக வருகிறவர்கள் கூடுதலாகவே போடுவார்கள், நானும் அப்படித்தான். பச்சையைக் கண்டால் கண் அதை மட்டுமே பார்க்கிறது, இடையில் தெரியும் மணலைப் பார்ப்பதில்லை. இதற்கென்றே அளவு குறித்த மாதிரிப் படங்கள் தருவார்கள். அதை மனப்பாடம் செய்துவிட்டதாக நினைத்து பையில் வைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் எடுத்துப் பாருங்கள். தொடங்கும் முன் கூட்டாளியோடு ஒரே சட்டத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு, எண்களை ஒப்பிடுங்கள். ஒருவர் 40, இன்னொருவர் 25 என்றால், ஏன் என்று பேசி முடிவுக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இனம் கண்டுபிடிப்பது பயந்த அளவுக்குக் கடினம் இல்லை. ஹாலோபிலா ஓவாலிஸ் என்றால் சிறு முட்டை வடிவ இலை, நடு நரம்பிலிருந்து இரு பக்கமும் குறுக்கு நரம்புகள். ஹாலொடூல் யூனிநெர்விஸ் ஒல்லியான நாடா மாதிரி இருக்கும். நுனியை விரல் நகத்தின் மேல் விரித்து லென்ஸில் பார்த்தால் திரிசூலம் போல மூன்று முனை தெரியும். முதிர்ந்த இலையில் நுனி தேய்ந்தோ கடிபட்டோ போயிருக்கும், இளம் இலையைத் தேடிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் “தெரியவில்லை” என்று எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஊகித்து எழுதிய பெயரைப் பின்னால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

முக்குளிக்கத் தெரிந்தவர்கள் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குப் போகலாம். 1997-இல் உலக அளவில் முதல் கணக்கெடுப்பை நடத்திய ரீஃப் செக் முறையில், பாறைமேல் விரித்த அளவு நாடாவில் 20 மீட்டர் கொண்ட நான்கு துண்டுகளில் அரை மீட்டருக்கு ஒருமுறை, நாடாவுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டும். நேர்கீழே மணல், இரண்டு விரற்கடை தள்ளி அழகான பவளம். கை தானாகப் பவளம் என்று எழுதப் போகும். எழுதாதீர்கள்.

ஆமைப் பணி வேறு மாதிரி, இரவில் நடக்க வேண்டும். பங்குனி ஆமை ஒருமுறைக்குச் சுமார் நூறு முட்டை இடும், 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர் சொல்லாமல் முட்டையைத் தொடவே கூடாது. கூட்டின் வெப்பம் ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் அதிகம், கீழே போனால் ஆண். எனவே கூட்டை எங்கே, நிழலிலா வெயிலிலா மாற்றி வைத்தார்கள் என்ற குறிப்பும் அறிவியல் தரவுதான். வெள்ளை வெளிச்சம் வேண்டாம், கைபேசித் திரையும் வேண்டாம்.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் உங்களுக்காகக் காத்திருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் தண்ணீர் அதிகம் வற்றும், வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முழு வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள், வற்றும் தண்ணீரின் பின்னாலேயே நடந்து வேலையை முடியுங்கள். நான் பார்க்காமல் விட்ட இரண்டு கட்டங்களும் தாமதமாகத் தொடங்கியதன் விளைவு. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். கூம்பு வடிவ நத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள்; சில இனங்களின் விஷம் ஆளையே கொல்லும். பேனா வேண்டாம், பென்சில்.

ஒரு திட்டத்தில் சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். போன வருடம் எடுத்த தரவு இப்போது எங்கே இருக்கிறது? அதை யார் பயன்படுத்துகிறார்கள்? நாங்கள் போன பிறகு இந்தத் தளத்தை யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? இதற்குத் தெளிவான பதில் இல்லாமல் படங்களை மட்டும் காட்டுகிற இடத்துக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கல்லூரித் திட்டத்துக்கு இந்தத் தரவு வேண்டுமென்றால் சேரும்போதே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், கடைசி மாதத்தில் கேட்டால் இருவருக்குமே சங்கடம். மேற்படிப்பு விண்ணப்பத்தில் “கடல் பாதுகாப்பில் ஆர்வம்” என்று எழுதுவதைவிட, எத்தனை சட்டங்கள் பார்த்தீர்கள், எதில் தவறு செய்தீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். என் நேர்காணலில் அதிக நேரம் பேசியது அந்த ஒன்பது கட்டங்களைப் பற்றித்தான்.

அடுத்த வருடம் அதே தளத்துக்குப் போனேன். இரண்டாவது கோட்டில் 35 மீட்டர். பழைய தாளில் யாரோ ஒருவர் அந்த இடத்துக்கு 0 என்று அழுத்தி எழுதியிருந்தார். சட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தேன். மூலையில், மணலிலிருந்து எட்டிப் பார்த்தபடி, ஹாலோபிலாவின் நான்கு இலைகள். மாதிரிப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு 1 சதவீதம் என்று எழுதினேன்.