"ஒரு மாதிரியா இருக்கு மிஸ்"

மனசு காயப்பட்ட பசங்களுக்கு கவுன்சிலிங் பண்ற எங்களுக்கு வச்ச மூணு நாள் ட்ரெய்னிங்ல, மொத நாள் மத்தியானம், சாப்பாடு முடிஞ்சு எல்லாருக்கும் கண்ணு சொக்குற நேரத்துல, ரோல் பிளேன்னு சொல்லி என்னைய எட்டு வயசு பொண்ணா உக்கார வச்சாங்க. எதிர்ல கவுன்சிலரா உக்காந்தவங்க என்னைவிட சீனியர் மேடம், இருபது வருஷ சர்வீஸ். எனக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதி குடுத்திருந்தாங்க, நானா சொல்லக்கூடாது, கேட்டா சொல்லலாம், சொல்லத் தோணலைன்னா விட்டுடலாம். மேடம் சேர இழுத்து போட்டுக்கிட்டு என் கைய புடிச்சு "பயப்படாத கண்ணு, ஆன்ட்டிகிட்ட எல்லாம் சொல்லலாம், யாரு, என்ன பண்ணாங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. நல்ல மனுஷி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு கைய உருவிக்கணும் போல இருந்துச்சு, நடிப்புதானேன்னு தெரிஞ்சும் தொண்டை அடைச்சுச்சு, சுவத்துல இருந்த கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். அஞ்சு நிமிஷத்துல ட்ரெய்னர் நிறுத்தி, பின்னாடி இருந்தவர்கிட்ட "எத்தன?"ன்னு கேட்டாரு. அவரு நோட்ல கோடு போட்டு எண்ணிட்டு இருந்திருக்காரு. 31 கேள்வி.

எல்லாரும் சிரிச்சாங்க, மேடமும்தான். எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அந்த இடத்துல நான் இருந்திருந்தா நாப்பதை தாண்டியிருக்கும்.

2005 ஜனவரில நான் காலேஜ் பொண்ணு, என்.எஸ்.எஸ். குரூப்போட நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாமுக்கு போயிருந்தேன். தமிழ்நாட்டுல சுனாமில செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த ஒரு மாவட்டம்தான், 6,000 பேருக்கு மேல. எங்களுக்கு குடுத்த வேலை பசங்கள படம் வரைய வைக்கிறது. கிரேயான் டப்பாவ நீட்டுனதும் ஒரு பையன் ரொம்ப பொறுப்பா கேட்டான், "அக்கா, அலை வரையணுமா, சும்மா வரையணுமா?" எங்களுக்கு முன்னாடி எத்தன டீம் வந்துட்டு போயிருக்குன்னு அதுலயே தெரிஞ்சுது. தெரிஞ்சும் நாங்க அலைதான் கேட்டோம், அப்புறம் அலைய பத்தி சொல்லச் சொன்னோம், சாயங்காலம் பஸ் ஏறிட்டோம். 2007ல ஐ.நா. அமைப்புகளும் மத்த நிவாரண அமைப்புகளும் சேந்து போட்ட ஐ.ஏ.எஸ்.சி. வழிகாட்டில, ஒரு தடவ உக்கார வச்சு நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கிற அந்த ஒத்த செஷன் வேலைய செய்யாதீங்கன்னு தெளிவா இருக்கு. நான் அத படிச்சது ரொம்ப லேட்டா, படிச்சப்போ அந்தப் பையன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது நாள் டி.எஃப்-சி.பி.டி. பத்தி, பெரிய அதிர்ச்சிய அனுபவிச்ச பசங்களுக்கான பேச்சு சிகிச்சை. ஜூடித் கோஹன், ஆண்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர்னு மூணு அமெரிக்கக்காரங்க உண்டாக்குன முறை, மூணு வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும் உள்ள பசங்களுக்கு. வழக்கமா 12லேர்ந்து 15 செஷன் வரும், சிக்கலான கேஸ்னா 25 வரைக்கும் போகலாம். அதுல குழந்தை தன் கதைய சொல்றது எத்தனாவது படின்னு பாருங்க. மொதல்ல அம்மா அப்பாவுக்கும் குழந்தைக்கும் இது ஏன் இப்படி இருக்குன்னு புரிய வைக்கணும், வளக்குறவங்களுக்கு தனியா சொல்லித் தரணும், மூச்சு பயிற்சி, உணர்ச்சிக்கு பேர் வைக்கிறது, எண்ணத்தை புடிச்சு பாக்குறது, இத்தனையும் தாண்டி நடுவுலதான் கதை. நாங்க அதையே மொத நிமிஷத்துல கேட்டுட்டு இருந்தோம்.

அப்புறம் கயிறு, பூ, கல்லு. கிட்நெட்னு ஒரு முறை, பொறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் வாழ்க்கைய ஒரு கயிறா தரையில போட்டு, நல்லது நடந்த இடத்துல பூ, கெட்டது நடந்த இடத்துல கல்லு வைக்கணும். எங்களையே செய்யச் சொன்னாங்க. பூவெல்லாம் மளமளன்னு வச்சுட்டேன், ஒரு கல்லு மட்டும் கையிலயே இருந்துச்சு, டீ பிரேக் வரைக்கும். எந்தக் கல்லுன்னு இங்கயும் எழுதப் போறதில்ல. இந்த முறைய சுனாமிக்கப்புறம் இலங்கையோட வடகிழக்குல முகாம்ல இருந்த 31 பசங்ககிட்ட, உள்ளூர் கவுன்சிலர்களுக்கே பயிற்சி குடுத்து, ஆறு செஷன் செஞ்சு பாத்திருக்காங்க. பாதி பேருக்கு இந்தக் கதை சொல்றது, பாதி பேருக்கு தியானமும் ரிலாக்சேஷனும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு குரூப்லயும் பெரும்பாலானவங்க தேறியிருந்தாங்க, பெருசா வித்தியாசமே இல்ல. சொல்லிட்டாதான் சரியாகும்னு நம்பிட்டு இருந்த எனக்கு அது பெரிய இடி.

ட்ரெய்னிங்ல சொல்லித் தராத ஒண்ணு பாஷை. ஃபீலிங்ஸ் சார்ட்னு மூஞ்சி மூஞ்சியா போட்ட தாள் குடுத்தாங்க, கீழ கோபம், சோகம், பயம், மகிழ்ச்சி, குற்ற உணர்வுன்னு அழகா தமிழ்ப்படுத்தி. எந்தக் குழந்தையும் என்கிட்ட வந்து எனக்கு குற்ற உணர்வா இருக்குன்னு சொன்னதில்ல. "ஒரு மாதிரியா இருக்கு மிஸ்", அவ்ளோதான். தோண்டாம கொஞ்சம் விட்டா "வயித்த பெசையுது", "நெஞ்சு படபடங்குது", "மண்டைக்குள்ள கொய்யுனு இருக்கு"ன்னு ஒவ்வொண்ணா வரும். அதுனால என் சார்ட்ல இப்போ மூஞ்சி இல்ல, ஒரு வெறும் உடம்பு படம், ஒரு மாதிரி எங்க இருக்குன்னு ஸ்கெட்ச்ல கலர் அடிக்கணும். விவரத்த மாத்திதான் சொல்றேன், ஒரு பொண்ணு மூணு வாரம் வயித்துல மட்டும் கருப்பு அடிச்சா. நாலாவது வாரம் அதே இடத்துல பச்சைய எடுத்தா, ஏன்னு நான் கேக்கல, கேக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொரு கூத்து, உடம்பு உறுப்புகளுக்கு பேர் சொல்ற பயிற்சி. முப்பது கவுன்சிலர், பாதி பேரு எம்.எஸ்.டபிள்யூ., ஆணுறுப்புன்னு சத்தமா சொல்லுங்கன்னா ஒருத்தரும் வாயத் தொறக்கல, பின் பெஞ்ச்ல கிசுகிசுப்பு. வீட்டுக்கு ஒரு செல்லப் பேரு இருக்குற ஊர்ல குழந்தை என்ன சொல்லுதுன்னே சில சமயம் புரியாது. போலீஸ், மஜிஸ்திரேட்னு விசாரிக்குறது வேற ஆளுங்க வேலை, அந்த வார்த்தைக்கு மூஞ்சி சுளிக்காம இருக்குறது என் வேலை. போக்சோ சட்டத்துல பத்தொன்பதாம் பிரிவுப்படி, குழந்தைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சதும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், ஆக "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணக்கூடாதுன்னு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு. அதுக்கு முன்னாடி எத்தன பேர்கிட்ட பண்ணியிருக்கேனோ.

என் கோவம் எல்லாம் மூணாவது நாள் மத்தியானத்து மேலதான். குரூப் போட்டோ, சர்டிபிகேட், பஸ் காசு, முடிஞ்சுது. டி.எஃப்-சி.பி.டி.க்கு சர்டிபிகேட் வேணும்னா அமெரிக்கால ரெண்டு நாள் நேர்ல கத்துக்கிட்டதுக்கப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவன்னு ஆறு மாசம் கன்சல்டேஷன்ல உக்காரணும், மூணு கேஸ் முழுசா முடிச்சுக் காட்டணும். இங்க மூணு நாள்ல நாங்க எக்ஸ்பர்ட். நான் என் கைக்காசு போட்டு ஒரு சூப்பர்வைசர புடிச்சேன், மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை போன்ல. ஒரு பையன் ரெண்டு கார மோத விட்டுக்கிட்டே இருக்கான், நான் ஒரு ஆம்புலன்ஸ் பொம்மைய நகத்தி வச்சேன், அதோட விளையாட்ட நிறுத்திட்டான்னு சொன்னேன். எத்தனாவது செஷன்னு கேட்டாங்க. ரெண்டாவதுன்னேன். "உங்களுக்கு பாக்க முடியல, அதான?"ன்னாங்க. கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் பேச்சே இல்ல.

இந்த வருஷம் புது பேட்ச்சுக்கு என்னைய கோ-ட்ரெய்னரா கூப்ட்டிருக்காங்க. மூணு நாளுக்கு மேல பட்ஜெட் இல்லையாம். சரி, சர்டிபிகேட்டையாச்சும் ஆறு மாசம் கழிச்சு குடுங்கன்னு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. போட்டோகிராபர் மட்டும் புக் ஆயிட்டாராம்.