களத்தோரத்து நெல்

மூன்று மாத வேலை தப்பாகிப் போனதை நான் கண்டுபிடித்தது அலுவலகத்தில் இல்லை, வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் களத்தில்.

தொலைநோக்கிப் படங்களில் கேலக்ஸிகளைச் சுற்றி மங்கலாகச் சிதறிக் கிடக்கும் விண்மீன்களை, அதாவது விண்மீன் ஒளிவட்டத்தை அளப்பதுதான் என் வேலை. நம் பால்வீதியில் விண்மீன்களின் மொத்த நிறையில் சுமார் 1 சதவீதம்தான் அந்த ஒளிவட்டத்தில் இருக்கிறது. நிலவில்லாத இரவிலும் வானத்துக்கென்று ஒரு வெளிச்சம் உண்டு. ஒளிவட்டத்தின் ஓரம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் முதலில் வானத்தைக் கழிக்க வேண்டும், அதில் பிசகினால் அப்புறம் எல்லாமே பிசகுதான்.

நான் எடுத்துக்கொண்ட சுருள் கேலக்ஸியில் விளிம்பைத் தாண்டி ஒன்றுமே வரவில்லை. சந்தேகப்படத் தோன்றவில்லை. 2014-இல் பீட்டர் வான் டொக்கும், ராபர்ட்டோ ஆப்ரகாம் என்ற வானியலாளர்களின் குழு, கேனான் கேமரா லென்ஸ்களை அடுக்கிச் செய்த டிராகன்ஃபிளை கருவியால் பார்த்து, எம்101 என்ற சுருள் கேலக்ஸிக்கு ஒளிவட்டம் அநேகமாக இல்லை என்று சொல்லியிருந்தது. இதுவும் அந்த மாதிரிதான் என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

தை மாதம். விதைநெல்லுக்காகக் கொஞ்சம் கையால் அடித்துத் தூற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். நெற்குவியலான பொலியைச் சுற்றி விழுந்த பதரைக் கூட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, கருக்காயக் கூட்டுறப்ப ஓரத்து நெல்லையும் சேத்துக் கூட்டிட்டியா?"

அன்று ராத்திரியே பார்த்தேன். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வானத்தைக் கணக்கிடுகிறது மென்பொருள். நான் வைத்திருந்த கட்டம் கேலக்ஸியைவிடச் சிறியது, ஆகவே ஒளிவட்டத்தையே வானம் என்று எடுத்துக் கழித்திருக்கிறது.

கட்டத்தைப் பெரிதாக்கியதும் ஒரு பக்கமாக நீண்ட மங்கலான வால் தெரிந்தது, சிதறிப்போன ஒரு குட்டிக் கேலக்ஸியின் மிச்சமாக இருக்க வேண்டும். 1933-இல் வானியலாளர் ஸ்விக்கி, கோமா என்ற கேலக்ஸிக் கொத்தில் கேலக்ஸிகளின் வேகங்களை ஆராய்ந்தார்; 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி சுழலும் வேகத்தை அளந்தார்கள். அந்த வேகங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறை போதாது என்பதுதான் காணாமல் போன பொருளின், அதாவது கரும்பொருளின் கதை. ஒளிவட்ட விண்மீன்கள் அந்தப் பொருள் இல்லை, ஆனால் அதன் இழுப்புக்குள்தான் ஓடுகின்றன, அதனால் இந்த வாலின் வளைவு எனக்கு முக்கியம்.

மடிக்கணினியில் அதைக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காத்து எந்தப் பக்கமா அடிச்சுது?" என்றார். அதைத்தான் இப்போது அளந்துகொண்டிருக்கிறேன், இன்னும் மூன்று இரவுப் படங்கள் வர வேண்டியிருக்கிறது.