மிஷன் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு

புரசைவாக்கத்திலிருந்து ஓட்டேரிக்குப் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவான லுத்தரன் திருச்சபை நடத்தும் தொடக்கப்பள்ளி இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் நடக்கிறது. எங்கள் தெருவில் அதன் முழுப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'மிஷன் பள்ளிக்கூடம்' என்றால் போதும், ரிக்‌ஷாக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அம்மா 1951-இல் அங்கே சேர்ந்தார். நான் 1973-இல் சேர்ந்தேன். நாங்கள் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். ஆனாலும் காலை வணக்கத்தில் பாடிய ஞானப்பாட்டுகள் அம்மாவுக்கு இன்றும் அடி பிசகாமல் வரும்.

கடந்த சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளிக்குப் போய், பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் படியெடுத்து வருகிறேன். தாள்கள் பொடியத் தொடங்கிவிட்டன என்று தலைமையாசிரியை வருந்தியபோது நானாகக் கேட்டுப் பெற்ற வேலை இது. தாளாளரும் அனுமதி கொடுத்தார். மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் தொழில், கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை என்று கட்டம் கட்டிய நீளமான தாள்கள். தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனாலே வடசென்னை கண்முன் வந்து நிற்கிறது: மில், மில், ரயில்வே, ரிக்‌ஷா, மில், மூட்டை தூக்குபவர், கொத்தனார், மில். பிறந்த தேதிகளில் பாதிக்கு மேல் ஜூன் மாதத்தில் விழுகின்றன. வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தேதி யாருக்கு நினைவிருக்கும்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்ததாகக் கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்துக்கு ஏற்ப ஒரு தேதியை ஆசிரியரே எழுதிக்கொள்வார். என் பிறந்த நாளும் அப்படிக் கிடைத்ததுதான்.

இந்தப் பள்ளியின் வேரைத் தேடினால் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேருவோம். டென்மார்க் மன்னர் அனுப்பி 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளி நடத்திய ஒரு முதியவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களுடன் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்; 1708-இல் நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த சபை, முதலில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டது என்பதை நான் மிகப் பெரிய செய்தியாக நினைக்கிறேன்.

சென்னைக்கு அந்த வேலையைக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஷுல்ட்ஸ். 1726-இல் வந்து, இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் பள்ளி நடத்தினார். அவருக்குப் பின் வந்த ஃபப்ரிசியஸ் வேப்பேரியில் தங்கி, அங்கிருந்த அச்சகத்தில் 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். புரசைவாக்கத்து மேல்நிலைப்பள்ளி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. வேப்பேரி மிஷன் பின்னர் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையின் கைக்குப் போயிற்று. 1840-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மிஷனிலிருந்து வந்தவர்கள் லுத்தரன் பணியைச் சென்னையில் மறுபடி தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட, ஸ்வீடன் நாட்டு மிஷன் பொறுப்பேற்றது. 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அதன் பேராயர் பதவிக்கு ஒரு தமிழர், ராஜா மாணிக்கம், வந்தது 1956-இல்தான்.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கம் ஒன்றும் உண்டு. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆங்கிலிக்கன் சபை 1830-களில் கண்டிப்புக் காட்டியபோது, லைப்சிக் மிஷன் விட்டுக்கொடுக்கும் போக்கையே கொண்டிருந்தது. திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கார்ல் கிரவுல், அந்த மிஷனின் தலைவர், சாதியை உடனே ஒழிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம், காலப்போக்கில் மறையட்டும் என்று வாதிட்டவர். 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்ற குறளைத் தம் கையாலேயே பெயர்த்தவர் அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பது இன்றும் என்னால் ஏற்க முடியாததாகவே இருக்கிறது. நான் படித்த நாளில் எங்கள் வகுப்பு மூலையில் ஒரே பானையும் ஒரே அலுமினிய டம்ளரும்தான் இருந்தன. புளியந்தோப்புப் பிள்ளைகளும் பட்டாளம் பகுதிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அதிலேயே தண்ணீர் குடித்தோம். அந்த டம்ளரை அங்கே வைத்தவர்கள் எங்கள் ஆசிரியைகள். அதற்கான நன்றியை அவர்களுக்கே சொல்ல விரும்புகிறேன்.

மிஷன் வரலாறு எழுதுபவர்கள் அகராதியைப் பற்றியும் அச்சகத்தைப் பற்றியும் உயர்நிலைப்பள்ளிகளைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார்கள்; சந்துக்குள் இருந்த தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் எங்கள் பகுதியில் எழுத்து நுழைந்தது அந்தச் சந்து வழியாகத்தான். பக்கிங்காம், கர்நாடிக் நெசவாலைகளின் சங்கு ஊதித்தான் இந்தப் பக்கத்து வீடுகள் விழித்தன; 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921 வேலைநிறுத்தத்தின் துயரங்கள் நடந்ததும் இந்தத் தெருக்களில்தான். ஷிப்டு முறையில் வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு, நடந்து போகிற தூரத்தில், கட்டணம் கேட்காத ஒரு பள்ளி தேவைப்பட்டது. பள்ளி மணியும் ரயில்வேயிலிருந்து வந்ததுதான்: வேப்ப மரத்தில் கம்பியால் தொங்கவிட்ட ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. அடித்து அடித்து அதன் நடுவில் வழவழப்பான ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வெயில் நேரத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளியாக மின்னும்.

ஆலை 1996-இல் மூடியது. வேலை இழந்த குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. இருந்தவர்கள் கடன் வாங்கியாவது ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இப்போது வகுப்புகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்காருகின்றன. தொழில் கட்டத்தில் 'உணவு டெலிவரி' என்றும் 'மெட்ரோ ரயில் கட்டுமானம்' என்றும் புதிதாக எழுதப்படுகிறது. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஆறே மாதத்தில் எங்கள் தெருத் தமிழைப் பேசிவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, முதல் மணிக்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். இந்தப் பள்ளியை மூடலாம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு என்று கேட்பவர்கள், அந்த இருபது பேர் வேறு எங்கே போவார்கள் என்று முதலில் பதில் சொல்லட்டும்.

1951-ஆம் ஆண்டுப் பக்கத்தைப் போன மாதம் எட்டினேன். அம்மாவின் பெயருக்கு எதிரே, தொழில் என்ற இடத்தில் 'மில்' என்று இருந்தது. கையொப்பக் கட்டத்தில் தாத்தாவின் பெருவிரல் ரேகை. மை அதிகமாகத் தோய்ந்துவிட்டது போலும், விரலை எடுக்கும்போது கீழே இழுபட்டு, அடுத்த வரியில் இருந்த பிள்ளையின் கட்டங்களை மறைத்துவிட்டது. எவ்வளவு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் பெயரின் முதல் எழுத்துக்கு மேல் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. தன்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த பெண் அவள் என்றும், அப்பா ரிக்‌ஷா இழுத்தவர் என்றும், மூன்றாம் வகுப்போடு தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள் என்றும், பலப்பம் தீர்ந்தால் பாதியாக உடைத்துத் தருவாள் என்றும் சொல்லி, பெயரையும் முழுதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு, என் படியில் அந்த வரிக்கு நேராக, பென்சிலால் அந்தப் பெயரை எழுதினேன்.