பேசாக் கணக்கு

நைரோபிக்கு வந்த மூன்றாம் நாள், பார்க்லண்ட்ஸில் நான் தங்கியிருந்த தெருமுனைக் காய்கறிக் கடையில் ஆயிரம் ஷில்லிங் நோட்டை நீட்டினேன். கடைக்காரம்மா வாங்கவே இல்லை. காலையிலேயே இதற்குச் சில்லறைக்கு எங்கே போவது என்பதுபோல உதட்டைப் பிதுக்கிவிட்டு, அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்த கைபேசி எண்ணைக் காட்டினார். பக்கத்தில் நின்ற காவலாளி ஒருவர் பழைய பட்டன் போனை எடுத்து நாலு தட்டு தட்டினார், தக்காளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் கையில் இருந்தது அதைவிடப் பல மடங்கு விலையுள்ள போன். கென்ய சிம் மட்டும் இல்லை.

அன்று மாலையே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி, எம்-பேசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பதிந்துகொண்டேன். நம் ஊரில் யூ.பி.ஐ. வந்தது 2016-இல். சஃபாரிகாம் என்ற கைபேசி நிறுவனம் இங்கே எம்-பேசாவைத் தொடங்கியது 2007 மார்ச்சில். நடத்தும் ஆளும் வேறு, வேலை செய்யும் விதமும் வேறு. இங்கே வங்கிக் கணக்கே தேவையில்லை, கைபேசி எண்தான் கணக்கு. தெருவுக்கு இரண்டு ஏஜென்ட் கடைகள் இருக்கும். ரொக்கத்தைக் கொடுத்தால் போனில் ஏற்றுவார்கள், வேண்டும்போது எடுத்தும் கொடுப்பார்கள்.

‘பேசா’ என்றால் சுவாஹிலியில் பணம். நம் பைசாவேதான் கடல் தாண்டி இப்படி ஆகியிருக்கிறது. 1920 வரை இந்தப் பக்கமெல்லாம் ரூபாய் புழங்கிய இடம். ஆனால் தமிழ்க் காதுக்கு ‘பேசா’ என்றால் வாய் திறக்காதது. அந்தப் பொருத்தம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் அது ஓயாமல் பேசுவதுபோலத்தான் இருந்தது. பணம் போனதும் குறுஞ்செய்தி வந்து விழும். பத்து எழுத்து, எண் கலந்த ஒரு குறியீடு, தொகை, வாங்கியவர் பெயர், தேதி, நேரம், மீதி இருப்பு, கட்டணம், இன்றைக்கு இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்பது வரை. என் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வீட்டு நோட்டில்கூட ‘இதர செலவு’ என்று எழுத விடமாட்டார். இதர என்று ஒரு செலவு உலகத்தில் கிடையாது, மறந்துபோன செலவுதான் உண்டு என்பார். அவரிடம் பெருமையாகச் சொன்னேன், இங்கே கணக்கு தானே எழுதிக்கொள்கிறது என்று.

“யாருக்குன்னு வருது, சரி. எதுக்குன்னு வருதாப்பா?”

மாதக் கடைசியில் செயலி வழியாக ஸ்டேட்மென்ட் எடுத்தேன். பூட்டு போட்ட பி.டி.எஃப். வந்தது. பக்கம் பக்கமாகப் பெயர்கள். பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. 70 ஷில்லிங் ஒரு ஆண் பெயருக்கு: மட்டாட்டு மினிபஸ் கண்டக்டரா, போடாபோடா என்ற பைக் டாக்ஸி ஓட்டியவரா, வாழைப்பழம் விற்றவரா? கடைகளில் இன்னும் மோசம். கடைக்கென்று உள்ள டில் நம்பரில் கட்டினால் கடை பதிந்த பெயர் வரும், வாசலில் மாட்டிய பலகையில் இருப்பது வேறாக இருக்கும். நான் மருந்து வாங்கிய கடை ஏதோ கட்டுமான நிறுவனம்போல ஒரு பெயரில் நின்றது. எதற்கு என்று சொன்னவை, பில் கட்டுவதற்கான பேபில் எண் வழியாகக் கட்டியவை மட்டும்தான், ஏனென்றால் அதில் கணக்கு எண்ணும் போட வேண்டும். மின்சாரத்துக்கு மீட்டர் எண்ணைப் போட்டுக் கட்டியிருந்தேன். அதற்கு, மீட்டரில் தட்ட வேண்டிய 20 இலக்க டோக்கன் வந்த செய்தியும் போனில் இருந்தது. மற்றதெல்லாம் கூட்டிப் பார்த்தால், என் கணக்கில் மிகப் பெரிய தலைப்பு இதர.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். இரவு படுக்குமுன் அன்றைய குறுஞ்செய்திகளைத் திறந்து, நோட்டில் எதற்கு என்பதை மட்டும் எழுதுவேன். தொகையை எழுதுவதில்லை, அது போனிலேயே இருக்கிறது. குறியீட்டின் கடைசி மூன்று எழுத்தும் ‘கத்திரிக்காய்’ என்ற சொல்லும் போதும். ஐந்து நிமிட வேலை. இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் ஞாபகம் வராது, அதையும் அனுபவித்தாகிவிட்டது.

கட்டணம் தனிக் கதை. யூ.பி.ஐ.யில் பழகியவனுக்கு, பணம் அனுப்பப் பணம் என்பதே முதலில் கசந்தது. 100 ஷில்லிங் வரை அனுப்ப இலவசம். நான் கணக்குப் பார்த்த மாதத்தில் 101 முதல் 500 வரை 7 ஷில்லிங், அதற்கு மேல் ஆயிரம் வரை 13. டில்லில் கட்டினால் நமக்கு ஒன்றும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. தினமும் 90 ஷில்லிங்குக்குக் காய் வாங்கி அப்போதே அனுப்பினால் செலவில்லை. ‘சேர்த்துக் கொடுக்கிறேன் அம்மா’ என்று சனிக்கிழமை ஐந்து நாள் காசை 450-ஆக அனுப்பினால் 7 போய்விடும். மொத்தமாகச் செய்தால் மிச்சம் என்று வளர்ந்தவன் நான். ஆனால் ஆயிரத்தை இரண்டு ஐந்நூறாகப் பிரித்தாலோ 13 போக வேண்டிய இடத்தில் 14 போகும். இந்த ஒரு ஷில்லிங்கைக் கண்டுபிடித்த இரவு எனக்கு இருந்த மகிழ்ச்சியை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வாங்குபவர் அதை ரொக்கமாக்க ஏஜென்டிடம் போனால் அவருக்கும் செலவு. அதனால் வீட்டு வேலைக்கு வந்தவர் சம்பளத்தன்று கொஞ்சம் தயங்கி ‘யா குட்டோவா’ சேர்த்துப் போடச் சொன்னார். எடுக்கும் கூலி என்று பொருள். எனக்குப் புரியாமல் முழித்தேன். கூட வேலை செய்பவர் விளக்கிய பிறகு வெட்கமாகிவிட்டது. அன்று முதல் அது என் நோட்டில் தனி வரி.

திட்டம் போட முடியாத செலவு ஹராம்பே. கென்யர்கள் எதற்கும் ஒன்றுகூடிப் பணம் சேர்ப்பார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு, எதுவானாலும் ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும், ஒரு எண் வரும், கீழே கொடுத்தவர் பெயரும் தொகையும் பட்டியலாக நீளும். நம் ஊர் மொய் நோட்டு போனுக்குள் குடியேறியதுபோல. முகம் பார்க்காதவரின் மாமனார் சாவுக்கு முதலில் கொடுக்கவில்லை. எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயர் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் உறுத்தியது. இப்போது மாதம் 2,000 அதற்கென்று ஒதுக்கிவிடுகிறேன்.

எனக்குச் சரிப்பட்ட வழி ஒன்றுதான். வங்கியிலிருந்து திங்கட்கிழமை மட்டும், அந்த வாரத்துக்கான தொகையை எம்-பேசாவுக்கு மாற்றுவேன். ஒவ்வொரு செய்தியின் வாலிலும் மீதி இருப்பு வருவதால் வாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது சும்மாவே தெரியும். மழை வந்தால் மட்டாட்டுக் கட்டணம் ஏறிவிடும், அந்த வாரம் வெள்ளிக்கிழமையே கை காய்ந்துபோகும். அப்போது சுகுமா விகி கீரைதான். பெயருக்கே ‘வாரத்தைத் தள்ளு’ என்றுதான் அர்த்தம். கணக்குத் தெரிந்த யாரோ வைத்த பெயர்.

ஒருமுறை காய்கறிக்கு அனுப்ப வேண்டிய 300 ஷில்லிங்கை ஒரு இலக்கம் மாறி வேறு யாருக்கோ அனுப்பிவிட்டேன். உறுதி செய்யுமுன் திரையில் ஆண் பெயர் வந்தது, நான்தான் பார்க்கவில்லை. குறுஞ்செய்தியை அப்படியே சஃபாரிகாமின் 456-க்கு அனுப்பிவைத்தேன், திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் பெயரைப் படித்துவிட்டு அழுத்தத் தொடங்கினேன். ஒரு வருஷமாக ‘மாமா ம்போகா’ என்று கூப்பிட்டவருக்கு, அதாவது காய்கறிக்காரம்மாவுக்கு, முழுப் பெயர் என்ன என்பதும் அப்போதுதான் மனதில் நின்றது.

அவர் பக்கமும் அதே கதைதான் நடந்திருக்கிறது. என் பெயர் அவர் போனில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி விழுகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் கடைசியில் நிற்பது அப்பா பெயர். போன வாரம் 90 ஷில்லிங் அனுப்பிவிட்டு நின்றேன். அவர் போனைப் பார்த்து, “இமேஇங்கியா” என்று தலையாட்டினார். வந்துவிட்டது என்று பொருள். பிறகு சிரித்தபடி, நாக்கைச் சுழற்றிச் சுழற்றி, என்னை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்றிரவு நோட்டில் ‘கத்திரிக்காய், வெங்காயம்’ என்று எழுதிவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன்.